வரவில் ஏறாத 12 ரூபாய்

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. உங்களுக்கு என்னைவிட வயது குறைவு, தம்பி என்று கூப்பிடுவதுதான் முறை. அந்தச் சொல் மட்டும் இந்த வாயில் வராது. பத்து வருஷமாக யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இதோ ஆறு கார்டு. முதல் மூன்றும் என் தம்பி கையெழுத்து. நாலாவதும் ஐந்தாவதும் ஊர் வாத்தியார் எழுதியது. ஆறாவது சாவுக் கார்டு. சாவுச் சேதி வந்த கார்டைப் படித்த கையோடு கிழித்துப் போட வேண்டும், வீட்டில் வைத்தால் ஆகாது என்று லயத்துக் கிழவிகள் அத்தனை பேரும் சொன்னார்கள். இதற்கு மேல் எனக்கு என்ன ஆகிவிடப் போகிறது? கிழிக்கவில்லை. ஆறையும் ஒரே துணியில் முடிந்து, காம்பிராவில் அடுப்புப் புகை படாத மூலையாகப் பார்த்து வைத்திருந்தேன். எழுத்துத் தெரியாமலே வைத்திருந்தேன். போன மாதம்தான் நானே வாசித்தேன். அதனால்தான் தொழிலாளர் சங்கத்துக்கு வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் துறையூருக்குப் பக்கம், பச்சைமலை அடிவாரம். அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது, எனக்கு ஒன்பது. அன்றிலிருந்து அவன் என் இடுப்பில்தான் வளர்ந்தான். வாத்தியார் வீட்டுத் திண்ணையில் மூன்று வருஷம் எழுத்துப் படித்தான். அதற்குச் சம்பளமாக வாத்தியார் வீட்டு மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டவள் நான். அவனுக்கு எழுத்து வந்தது, எனக்கு வரவில்லை. அன்றைக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. வீட்டில் ஒருத்தனுக்கு வந்தால் போதாதா?

1918, காளயுக்தி வருஷம். மழை பொய்த்துப் போய் சோளமும் கம்பும் கருகிய அதே காலத்தில் விஷக்காய்ச்சலும் வந்தது. ஒரே தெருவில் ஒரே நாளில் மூன்று பாடை கட்டினோம். ஐப்பசியில் அப்பா போனார். தம்பிக்கும் கண்டது, பிழைத்துக்கொண்டான். காய்ச்சல் விட்டது, இருமல் மட்டும் விடவில்லை. அந்த நேரத்தில்தான் கங்காணி ஊருக்கு ஆள் சேர்க்க வந்தார். வெள்ளை வேட்டி, கோட்டு, கையில் குடை. கண்டிச் சீமைக்கு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தால் மூன்று வேளையும் அரிசிச் சோறு என்றார். என் புருஷனும் நானும் தம்பியும் புறப்பட்டோம். அப்பாயி மட்டும் குடிசையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

மண்டபம் முகாமைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். நான் அவனைக் கடைசியாகப் பார்த்தது அங்கேதான்.

மணல்காடு. கம்பி வேலிக்குள் நீள நீளமாகக் கொட்டகைகள். உடுத்திய துணியைத் தவிர மற்றதையெல்லாம் வாங்கி ஆவியில் போட்டார்கள். கையில் அம்மை குத்தினார்கள். தகரத்தில் வட்டமாக வெட்டின வில்லையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டினார்கள். அதிலே தோட்டத்துக்கு ஒரு நம்பர், ஆளுக்கு ஒரு நம்பர். அந்தத் தகரம் கழுத்தில் ஏறியதும் பெயர் போய்விட்டது, நம்பரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நாலாம் நாள் டாக்டர் வந்தார். தம்பி நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். முதுகில் வைத்துக் கேட்டார். இன்னொரு முறை இருமச் சொன்னார். பக்கத்தில் நின்ற குமாஸ்தாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். குமாஸ்தா வந்து அவன் கழுத்துக் கயிற்றை அறுத்து, தகரத்தை ஒரு பெட்டியில் போட்டார். "இவன் ஆகாது, திரும்பிப் போகணும்" என்றார்.

நானும் திரும்பிப் போகிறேன் என்று அவர் காலில் விழுந்தேன். என் தகரத்தையும் அறுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். கங்காணி வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். "உங்க ரெண்டு பேருக்கும் முன்பணம் கொடுத்தாச்சு புள்ள. ரயில் காசு கட்டியாச்சு. அதை வச்சுட்டுப் போறதுன்னா போ" என்றார். முன்பணத்தை ஊரிலேயே கடைக்காரனுக்குக் கட்டிவிட்டுத்தான் புறப்பட்டிருந்தோம். எங்கே போவேன்?

அவனுக்குப் பதினைந்து வயது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மூட்டையோடு நின்றான். "யக்கா, நீ போயி நல்லா இரு. இருமல் நின்னதும் நானும் வந்துர்றேன்" என்றான். அழவில்லை. நான் அழுவேன் என்று தெரிந்து அவன் அழவில்லை.

மறுநாள் ரயில் எங்களை ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலத்தில் கடல் மேல் போயிற்று. 1914இல் போட்ட பாலம் என்று சொன்னார்கள். எல்லாரும் எட்டி எட்டிக் கடலைப் பார்த்தார்கள். நான் மண்டபம் இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தனுஷ்கோடியில் கப்பல் ஏறினோம். தலைமன்னார் 22 மைல். காலையில் சோறு ஆக்கி இறக்கிற நேரத்துக்குள் வந்துவிட்டது. இவ்வளவு பக்கமா என்று எனக்கு ஒரு தைரியம்கூட வந்தது ஐயா. அவசரம் என்றால் ஓடி வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

தோட்டத்தின் பேரை நான் சொல்லப்போவதில்லை. அட்டனிலிருந்து நடந்தால் அரைப் பொழுது. விடியுமுன் தப்பு அடிக்கும், ஆள் எண்ணும் பிரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும். பிறகு கூடை, பனி, அட்டை, கொழுந்து. சாயந்திரம் நிறுவையில் ராத்தல் குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர், பாதிச் சம்பளம்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எழுத வேண்டாம்.

கடனை மட்டும் எழுதுங்கள். முதல் மாதக் கணக்குச் சொன்னபோது எங்கள் இரண்டு பேர் மேலும் 86 ரூபாய் நின்றது. முன்பணம், ரயில், கப்பல், கம்பளி, சட்டி பானை என்று கணக்கப்பிள்ளை வாசித்துக்கொண்டே போனார். நடுவில் தம்பி பேரும் வந்தது. ஊரிலிருந்து மண்டபம் வரை அவன் ரயில் காசு, முகாமில் தின்ற சோறு, திருப்பி அனுப்பிய காசு எல்லாம் என் தலையில். அவனை வேண்டாம் என்று தகரத்தை அறுத்தவர்கள் கடனை மட்டும் ஏன் அறுக்கவில்லை?

முதல் கார்டு அந்த ஆடியில் வந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் அவன் எழுத்தின் உருவம் தெரியும். திண்ணையில் மணலில் விரலால் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். ழகரத்துக்கு நீளமாக வால் போடுவான். ஊர் போய்ச் சேர்ந்தேன், இருமல் பரவாயில்லை என்று கணக்கப்பிள்ளை வாசித்தார். இரண்டாவது கார்டு 1920 தையில். இருமும்போது ரத்தம் வருகிறது, சயம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார், ஆடாதொடைக் கசாயமும் வெள்ளாட்டுப் பாலும் விடாமல் குடிக்கச் சொல்லியிருக்கிறார், வீட்டில் இரண்டு ஆடு இருக்கிறது, அக்காவைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. இவ்வளவும் இருந்தது.

அந்த இரண்டு ஆட்டை நினைத்துத்தான் நான் தூங்கினேன் ஐயா. இரண்டு ஆடு இருக்கிறது, பால் இருக்கிறது, பிழைத்துக்கொள்வான் என்று தினமும் சொல்லிக்கொள்வேன்.

அந்தக் கார்டு வந்த மறுநாளே பிரட்டில் துரையிடமே கேட்டேன். பெண்பிள்ளை துரை முன்னால் போய் நின்று பேசுவது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. "தொரைகளே, தம்பி சாகக் கிடக்குறான், ஒரு மாசம் லீவு வேணும்" என்றேன். துரைக்குத் தமிழ் தெரியும், எங்களை வேலை வாங்கும் அளவுக்குத் தெரியும். "கங்காணி கிட்டே கேளு" என்றார். கங்காணியிடம் போனேன். "கடனைக் கட்டிட்டுப் பத்துச்சீட்டு வாங்கிட்டுப் போ. இல்லே, வேற தோட்டத்துக்காரன் உன் கடனைக் கட்டி எடுத்துக்குறதா இருந்தா துண்டு எழுதச் சொல்றேன்" என்றார். சாகப்போகிற தம்பியைப் பார்க்க ஊருக்குப் போகிறவளுக்கு வேறு தோட்டத்துத் துண்டு எதற்கு?

துண்டு என்ன என்று தெரியாத பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சின்னக் காகிதம். இன்ன கங்காணியின் ஆட்கள் இத்தனை பேர், இவர்கள் மேல் இவ்வளவு கடன், அதைக் கட்டுகிறவர் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதிக் கொடுப்பது. மாடு விற்கிற சந்தையிலாவது மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். எங்களுக்குக் கடனைத்தான் பார்த்தார்கள். ஒவ்வொரு நாளும் எங்களில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. நான் ஒரு மாதம் ஊருக்குப் போனால் அவருக்கு ஒரு மாதத் தலைக்காசு போகும். இவ்வளவுதான் விஷயம். என் தம்பியின் உயிருக்கு எதிரே இருந்தது இந்தச் சில்லறைதான்.

பங்குனியில் ஒரு ராத்திரி புறப்பட்டுவிட்டோம். அப்போது எனக்கு ஐந்து மாதம். மழையில் தேயிலைக்குள்ளாகவே இறங்கி விடியும்போது அட்டன் டேசனுக்கு வந்தோம். அங்கே கங்காணியின் ஆட்கள் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள். என்னைத் திருப்பிக் கூட்டி வந்தார்கள். என் புருஷனைக் கோர்ட்டில் நிறுத்தி ஒரு மாதம் கடுங்காவல் போட்டார்கள். வேலையை விட்டுப் போனால் ஜெயில். என்ன குற்றம் செய்தோம் என்று அவர் நீதிபதியைக் கேட்டாராம். "வாரண்டு இருக்கிறது" என்று பதில் வந்ததாம்.

இந்த வருஷம், 1931இல், நம் சங்கம் போட்ட கூட்டத்துக்கு வந்தேன். நம் தலைவர் நடேசய்யர் பேசினார், அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாடினார்கள். அங்கே ஒருவர் அந்தப் பழைய சட்டத்தை வாசித்துத் தமிழில் சொன்னார். 1865இல் போட்டதாம். சொல்லாமல் போனால் மூன்று மாதம் வரை ஜெயில் என்று அதிலே இருக்கிறது, அது எங்களுக்குத் தெரியும், அனுபவித்தோம். அதே சட்டத்தில் ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் கூலியாள் போகலாம் என்றும் இருக்கிறதாமே! எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. தையில் நான் துரை முன்னால் நின்று கேட்டேனே, அதுவே சொன்னதுதானே? மாசியில் நான் போயிருக்கலாமே? ஜெயில் இருக்கிற வரியைத் தமுக்கடித்துச் சொன்னவர்கள், விடுதலை இருக்கிற வரியை யாருக்காவது ஒரு நாளாவது சொன்னார்களா? எழுத்துத் தெரிந்த எத்தனை பேர் எங்களைச் சுற்றி இருந்தார்கள்!

மூன்றாவது கார்டு அந்த ஆவணியில் வந்தது. என் மகன் பிறந்து முப்பது நாள். கார்டு இரண்டு பக்கமும் நிறைய எழுதியிருந்தது. எழுத்துக் கோணல் கோணலாக, வரி கீழே சரிந்து சரிந்து போயிருந்தது. ழகரத்தின் வால் நடுங்கியிருந்தது. அவன் கை நடுங்குகிறது என்று கண்ணால் பார்த்தே தெரிந்துகொண்டேன். கணக்கப்பிள்ளை முதலில் வாய்க்குள் வாசித்தார், பிறகு கங்காணியைப் பார்த்தார். "சொகமா இருக்கானாம். உன்னைக் கவலைப்படாம இருக்கச் சொல்லியிருக்கான்" என்றார். "ரெண்டு பக்கமும் எழுதியிருக்கே சாமி" என்றேன். "அவ்வளவுதான் புள்ள, வேலையப் பாரு" என்றார்.

அதற்குப் பிறகு அவன் எழுத்து வரவில்லை. ஐப்பசியில் வந்த கார்டின் எழுத்து வேறு. வாசிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, அவனால் எழுத முடியவில்லை என்று. தையில் ஒன்று. மாசியில் ஒன்று. கொழுந்து மலையில் நிற்கும்போது தபால் பையோடு வந்தவன் கூப்பிட்டான். அந்தக் கார்டை வாசிக்க யாரும் வேண்டியிருக்கவில்லை, கொடுத்தவன் முகம் போதும். என்றாலும் அன்றைக்குக் கூடை நிறையும் வரை விடவில்லை. அரைப் பேர் விழும் என்று கங்காணி சொன்னார். அழுதுகொண்டே பறித்தேன். என் கண்ணீர் விழுந்த கொழுந்தையும் ஸ்டோரில் நிறுத்தார்கள்.

என் மகனுக்குக் காது குத்த மாமன் மடி இல்லை. இரவல் மடியில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு இப்போது பதினோரு வயது, காது குத்தவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்கிறான். என்ன பதில் சொல்ல?

தம்பி போனது 1921 மாசி. அதே 1921இல் துண்டு செல்லாது என்று சட்டம் போட்டார்கள். வேலையை விட்டுப் போனால் ஜெயில் என்பதையும் எடுத்தார்கள். லயத்தில் பாதிப் பேர் சந்தோஷப்பட்டார்கள். நான் காம்பிராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஐம்பது அறுபது வருஷம் அந்தக் கொடுமையை வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருஷம் முன்னால் எடுக்க மனம் வரவில்லையா? யாரைக் கேட்பேன்? கவர்னரையா, கடவுளையா?

1922இல் ஊருக்குப் போனேன். யாரும் தடுக்கவில்லை. அதே ரயில், அதே கப்பல், அதே 22 மைல். அப்பாயியும் போய்விட்டிருந்தாள், குடிசையில் கூரை இல்லை. அவனைப் புதைத்த இடத்தில் ஆவாரஞ்செடி முளைத்திருந்தது. பக்கத்து வீட்டு அத்தை சொன்னாள், "கடைசி ஆறு மாசம் பால் இல்லாம இருமிக்கிட்டே கெடந்தான்டி. ஆட்டை வித்துட்டான். காசை என்ன பண்ணுனான்னு எங்களுக்கே தெரியல." மருந்துக்கு விற்றிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். நிலம் இல்லை, வீடு இல்லை, புருஷனும் பிள்ளையும் இங்கே. திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது என் மகன் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படிக்கிறான். ராத்திரியில் அவன் சொல்லிக் கொடுத்து நானும் படித்தேன். கையில் கொப்புளம் வந்தாலும் பரவாயில்லை என்று சிலேட்டை விடவில்லை. எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. போன மாதம் துணியை அவிழ்த்து முதல் கார்டை எடுத்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி அவன் குரலைக் கேட்டேன். இரண்டாவதும் வாசித்தேன். மூன்றாவது கார்டை நீங்களே வாசியுங்கள் ஐயா, உரக்க வாசியுங்கள். பின்பக்கம், நாலாவது வரியிலிருந்து.

"இரண்டு ஆட்டையும் விற்று 12 ரூபாயைக் கங்காணி ஐயாவின் அண்ணன் கையில் கொடுத்திருக்கிறேன். அக்கா கணக்கில் கழிக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் அக்கா வந்துவிடலாம். வரும் நாளை எழுதவும். நான் திருச்சி டேசனுக்கு வந்து நிற்பேன்."

தனக்கு மருந்தான ஆட்டை விற்றிருக்கிறான், என் கடனைக் கட்ட. அதை வாங்கிக்கொண்டார்கள். வாங்கியது எனக்குத் தெரியக் கூடாது என்று வரியை விழுங்கினார்கள். அந்தக் கார்டு வந்து ஆறு மாதம் உயிரோடு இருந்தான் ஐயா. ஒவ்வொரு நாளும் என் பதிலுக்குக் காத்திருப்பானே! அக்கா ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே, காசு போதவில்லையோ, அக்கா மறந்துவிட்டாளோ என்று நினைத்துத்தானே கண்ணை மூடியிருப்பான்! பசியைத் தின்றோம், பனியைத் தின்றோம், ஜெயிலைப் பார்த்தோம். அதையெல்லாம் மறந்தாலும் மறப்பேன். நான் அவனை மறந்துவிட்டேன் என்று அவனை நினைக்க வைத்தார்களே, இதை எப்படி மறப்பேன்?

கணக்கப்பிள்ளை இப்போது வேறு எங்கோ இருக்கிறார். கங்காணி கிழவராகித் திண்ணையில் கிடக்கிறார். கார்டை எடுத்துக்கொண்டு போய் முன்னால் நின்றேன். "துண்டே போயிருச்சு, பத்து வருசத்துக் கணக்கை இப்ப எதுக்குப் புள்ள கிளறுற?" என்றார். காசைத் திருப்பித் தருகிறேன் என்று மடியையும் அவிழ்த்தார். நான் வாங்கவில்லை.

எனக்குக் காசு வேண்டாம் ஐயா. அந்தப் பழைய பேரேடு தோட்டத்து ஆபீசில் இன்னும் இருக்கிறது, கிளாக்கரே சொன்னார். சங்கத்தின் பேரில் துரைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். என் நம்பருக்கு எதிரே, 1920 ஆவணி, தம்பி கட்டியது 12 ரூபாய் என்று வரவு வைக்கச் சொல்லுங்கள்.